அவனுக்குத் தெரியுமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதை ஒட்டிய ஆண்டுகளில் திண்டுக்கல்லில் செக் மொழி பேசுகிற பெண் ஒருத்தி இருந்தாள் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அவள் பெயர் செபாஸ்தியம்மாள். மதுரை ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இருந்த ஒரு நூல் மில்லில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தாள்.

அவளுடைய அப்பா சூசைமுத்து கொடைரோடு ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அம்மா சின்ன வயதிலேயே காலரா கண்டு போய்விட்டாள். ரயில்வே குடியிருப்பில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளை அவள். கொடைக்கானலுக்குப் போகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் அதிகாலை வண்டியில் வந்து இறங்கும். பெட்டி எண்ணுவார்கள், கூலிக்காரர்களை அதட்டுவார்கள், பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே அவளுக்கு அந்த இங்கிலீஷ் காதில் ஏறிவிட்டது. பிறகு திண்டுக்கல் கன்னிமார் மடத்துப் பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணினாள். மில்லில் சேர்ந்தபோது இருபத்து மூன்று வயது. ஆபீசில் அவள் ஒருத்திதான் பெண். தினமும் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் அப்பாவுக்குச் சோறு பொங்கத் திரும்பிப் போவாள்.

ஐம்பத்தொன்பதில் மில்லுக்குப் புது மெஷின்கள் வந்தன. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து கப்பலில் வந்து, தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் வந்து சேர்ந்த மரப்பெட்டிகள். அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்கு அந்த நாட்டிலிருந்தே ஒரு ஃபிட்டரும் வந்தார். யாரோஸ்லாவ் வானெக் என்று பெயர். சிவந்த கழுத்து, தடித்த விரல்கள், கூச்ச சுபாவம். அவருடைய பெயர் மில் ஆட்களின் வாயில் நுழையவில்லை. முதல் நாள் கேட்டில் நின்ற வாட்ச்மேன் மானேஜரிடம் போய், "யாரோ வந்துருக்காருங்கய்யா" என்று சொல்ல, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. கடைசிவரைக்கும் அவர் மில்லுக்கு யாரோ சார்தான்.

யாரோ சாருக்கு இங்கிலீஷ் அரைகுறை. மானேஜர் ஓர் அகராதியை வாங்கி செபாஸ்தியம்மாளின் மேஜையில் வைத்து, "இனி அந்த ஆளோட பேச்சுக்கு நீதான் பொறுப்பு" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு பேச முடியாது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. அவளுக்கு உண்மையில் அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தது அவருடைய மனைவி போஜெனா. மில் காம்பவுண்டுக்குள் ஒரு சின்ன பங்களாவில் அவர்கள் இருந்தார்கள். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். சாப்பாட்டு இடைவேளையில் செபாஸ்தியம்மாள் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள். அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். உப்பு, கத்தி, அடுப்பு என்று தொடங்கிய பேச்சு, ஆறே மாதத்தில், போஜெனாவுக்குக் குழந்தை தங்காமல் போன கதை வரைக்கும் வந்துவிட்டது.

அவளைத் திணறடித்தவை பெரிய சொற்கள் அல்ல. சின்னச் சொற்கள்தான். இங்கிலீஷில் 'நோ' என்று ஒரு வினை இருக்கிறதே, கே என்ற எழுத்தை முன்னால் போட்டுவிட்டு அதை வாயால் சொல்லாமல் விடுகிற 'நோ', அதை அந்த மொழியில் ஒரே சொல்லால் சொல்லவே முடியாது. ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலைக்கோட்டையைக் காட்டி, "எனக்கு அதைத் தெரியும்" என்று சொல்ல நினைத்து "வீம்" என்றாள். போஜெனா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தாள். மலையை, ஊரை, மனுஷனைத் தெரியும் என்றால் "ஸ்நாம்". தைக்கத் தெரியும், நீந்தத் தெரியும், ரொட்டி சுடத் தெரியும் என்றால் "உமீம்". ரயில் தாமதம் என்பது தெரியும், நாளை லீவு என்பது தெரியும் என்றால் மட்டும் "வீம்".

"எங்க தமிழ்லயும் எல்லாத்துக்கும் தெரியும்தான்" என்று செபாஸ்தியம்மாள் செக்கில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"அப்புறம் எப்படி ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியுது?" என்று போஜெனா கேட்டாள்.

"முன்னாடி என்ன பேசுனோமோ அத வச்சுப் புரிஞ்சுக்கிருவோம்."

அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பஞ்சை அடித்து உதறிச் சுத்தம் செய்கிற புளோரூமில் நல்லுசாமி என்று ஓர் ஆள். செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தான். கிணறு வற்றி வெள்ளாமை இல்லாமல் போகவே மில்லுக்கு வந்தவன். மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் மனைவி ராமுத்தாயோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தான். யாரோ சாருக்கு அவனைக் கண்டால் ஒரு பிரியம். இருவருக்கும் பொதுவாய் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் ஒருவர் ஸ்பேனருக்குக் கை நீட்டும்போதே இன்னொருவர் அதை எடுத்துத் தந்திருப்பார். "ஏலே நல்லு!" என்று யாரோ சார் கூப்பிட்டால் அறையே சிரிக்கும். அவன் தன் சோற்றிலிருந்து கத்திரிக்காய் வெஞ்சனத்தை எடுத்து அவருக்குக் கொடுப்பான். அவர் கண்ணில் நீர் வழிய வழியத் தின்பார்.

ஆபீசுக்கு எண்ணெய் டப்பா வாங்க வரும்போதெல்லாம் நல்லுசாமி அவள் மேஜையருகே செத்த நேரம் நிற்பான்.

"அக்கா, யாரோ சாருகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவுக ஊருல மழ எப்படி? கெணறு வத்துமா?"

அவள் கேட்டுச் சொன்னாள். அங்கே வானத்திலிருந்து பனி விழும், அது உருகிக் கிணறு நிறையும் என்று அவர் சொன்னதைக் கேட்டு நல்லுசாமி வெகுநேரம் யோசித்தான். "அம்புட்டுத் தண்ணியும் சும்மாவே வருதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

அவன் பார்த்துக்கொண்ட மெஷினுக்கு உள்ளே ஓர் இரும்பு உருளை உண்டு. உருளை முழுக்க அடிக்கும் தகடுகள். பீட்டர் என்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. சுற்றிச் சுற்றி மெல்லத்தான் அடங்கும். அது அடங்குகிறவரைக்கும் மேல்மூடியைத் திறக்க முடியாதபடி ஒரு பூட்டு அமைத்திருந்தார்கள். மூடி திறந்துகொண்டால் உள்ளே நின்றுவிட்டது என்று பொருள். வேலை கற்றுக்கொண்ட எல்லாருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் காதால் கேட்டு அறிய வழியில்லை.

அறுபத்தொன்று ஆவணியில் ஒருநாள் காலை நல்லுசாமி சுவிட்சை அணைத்தான். மூடியைத் தூக்கினான். அது திறந்தது. சிக்கியிருந்த பஞ்சை எடுக்க வலது கையை உள்ளே விட்டான்.

மில் வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனவர் யாரோ சார். திரும்பி வந்து, ரத்தத்தில் நனைந்த சட்டையைக் கழற்றாமல், புளோரூம் வாசல்படியில் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். போஜெனா வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

சில நாட்களில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். மில் நிர்வாகமே மதுரையிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தது. மானேஜர் அறையில் வக்கீல், மானேஜர், சுருக்கெழுத்தர். தொழிலாளர் பக்கத்துக்கு என்று ஒரு மேஸ்திரியைப் பேருக்கு உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரோ சாருக்குப் பக்கத்தில் செபாஸ்தியம்மாள் நின்றாள்.

வக்கீல் முதலில் பூட்டைப் பற்றிக் கேட்டார். பூட்டின் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது, முந்தின நாள் சாயங்காலம் பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டது என்று பதில் வந்தது. பிறகு நல்லுசாமியைப் பற்றிக் கேட்டார். எத்தனை காலமாய் அந்த மெஷினில் வேலை செய்தான்? யார் பழக்கினார்கள்? தனியாக ஓட்டுவானா? பெல்ட் மாற்றுவானா? ஒவ்வொன்றுக்கும் யாரோ சார் நிதானமாகப் பதில் சொன்னார். வக்கீல் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"டிட் ஹி நோ?"

அவனுக்குத் தெரியுமா?

வேலையைப் பற்றித்தானே இத்தனை நேரம் பேச்சு. செபாஸ்தியம்மாள் கண் இமைக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை. அவனுக்கு வேலை தெரியுமா என்று பொருள்பட, உமீம் என்பதை இறந்தகாலமாக்கி, "உம்ஞெல்?" என்று கேட்டாள்.

யாரோ சாருடைய முகம் உடைந்தது. "உம்ஞெல்" என்றார். "லீப் நெஷ் யா."

தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். "அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும்." அந்த ஃபிட்டர் ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று நினைத்து, குரலில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தே சொன்னாள்.

வக்கீல் திருப்தியோடு தலையாட்டினார். சுருக்கெழுத்தரிடம் சொல்லி எழுத வைத்தார். பூட்டு கழற்றப்பட்டிருந்தது இறந்தவனுக்குத் தெரியும். சாட்சிக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும்.

செபாஸ்தியம்மாள் மேஜையை நோக்கி ஓர் எட்டு வைத்தாள்.

"சார், அப்படி அவர் சொல்லலை" என்றாள். "வேலை தெரியும்னுதான் சொன்னார். பூட்டைப் பத்தி நான் கேக்கவே இல்லை. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். திரும்ப ஒரு தடவை கேட்டுர்றேன்."

"நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார், நீ மொழிபெயர்த்தாய்" என்றார் வக்கீல். "இப்போது மாற்றினால் எதை நம்புவது? முந்தினதையா, பிந்தினதையா?"

மானேஜர் குறுக்கிட்டார். "செபாஸ்தி, போய் உன் எடத்துல உக்காரு."

என்ன நடக்கிறது என்று புரியாமல் யாரோ சார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அவரிடம் செக்கில் சொல்லத் தொடங்கினாள். மானேஜர் மேஜையைத் தட்டினார். விசாரணை முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'மூடியில் பூட்டு இல்லை என்பதைத் தெரிந்தே கையை உள்ளே விட்டதால் இந்த மரணம் நேர்ந்தது' என்று இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துத் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். தெரிந்தே என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்கள். சாயங்காலத்துக்குள் லைன் வீடுகள் முழுக்க வேறொரு பேச்சாக அது மாறிவிட்டது. தெரிஞ்சே விட்டானாம். மனசு வெறுத்துப்போய் விட்டிருக்கான். வீட்டுல என்ன நடந்துச்சோ.

வீட்டில் ஒன்று நடந்துதான் இருந்தது. விபத்து நடந்த வாரம் ராமுத்தாயின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. நல்லுசாமிக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் செத்த அன்று காலை அவள் கோபத்தில் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு, "இனிமே வீட்டுக்கே வராத. அந்த மெசினையே கட்டிக்கிட்டு அழு" என்று கத்தியிருக்கிறாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டது. அவன் சட்டியைத் தொடாமல் போய்விட்டான்.

அறிவிப்பு ஒட்டிய பிறகு நல்லுசாமியின் தாயார் மருமகளோடு பேசுவதை நிறுத்தினாள். ராமுத்தாய் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவும் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பாள், மற்ற நேரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

மில்லில் பஞ்சு பொறுக்கும் செல்லக்காள் சொல்லித்தான் இது செபாஸ்தியம்மாளின் காதுக்கு வந்தது. அன்று மாலை ரயிலை விட்டுவிட்டு அவள் லைன் வீட்டுக்குப் போனாள். ராமுத்தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். கேட்டது இன்னது, சொன்னது இன்னது, எழுதியது இன்னது. சொல்லச் சொல்ல அவளுக்கே தமிழில் அது நிற்காமல் நழுவியது. தெரியும் என்றுதான் சொன்னார், ஆனால் அந்தத் தெரியும் இந்தத் தெரியும் இல்லை என்று ஒரு கைம்பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"ஒம் புருசனுக்கு வேல தெரியும்னு சொன்னாரு தாயி. சங்கதி தெரியும்னு சொல்லல. ரெண்டும் அவுக பாசையில வேற வேற வார்த்த."

ராமுத்தாய் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க நல்லவுக அக்கா. என்னய ஆத்தணும்னு சொல்றீக."

"சத்தியமாச் சொல்றேன்."

"அச்சடிச்சு ஒட்டியிருக்காகளே."



மறுநாள் அவள் பங்களாவுக்குப் போனாள். யாரோ சாருக்கும் போஜெனாவுக்கும் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். தன் வாயிலிருந்து போன சொல் என்னவாக மாறியது என்று தெரிந்ததும் அவர் எழுந்துபோய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லி மானேஜரிடம் போனார். மானேஜர் அவருக்கு ஊருக்குத் திரும்புவதற்கான கப்பல் டிக்கெட் ஏற்பாடாகிவிட்டது என்று சொன்னார். மெஷின்கள் நன்றாக ஓடுகின்றன, இனி அவர் தங்கத் தேவையில்லை. தொழிலாளர் வீடுகளுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செபாஸ்தியம்மாள் நேரே மில்லுக்கு வந்தாள். பங்களா வாசலில் இருவரும் தயாராய் நின்றார்கள். மூன்று பேரும் நட்டநடுப் பகலில், எல்லாரும் பார்க்க, லைன் வீடுகளுக்கு நடந்து போனார்கள்.

ராமுத்தாய் பாய் எடுத்துப் போட்டாள். யாரோ சார் பாயில் உட்காரவில்லை. வெறும் தரையில் முழங்காலை மடக்கிச் சிரமப்பட்டு உட்கார்ந்தார். போஜெனா தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நெவியெத்யெல்" என்றார் அவர். வீம் என்பதன் மறுப்பு அது. இன்னொரு முறை சொன்னார்.

"ஒம் புருசனுக்கு அது தெரியாதுன்னு சொல்றாரு" என்றாள் செபாஸ்தியம்மாள். "பூட்டு கழட்டியிருக்குங்கிற சங்கதியே அவருக்குத் தெரியாதாம்."

ராமுத்தாய் முதல்முறையாக அந்த வெள்ளைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குத் தெரியாதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்? கேளுங்கக்கா."

செபாஸ்தியம்மாள் கேட்டாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். இதுவரை செபாஸ்தியம்மாளுக்கும் அவர் சொல்லாத சேதி அது. போஜெனாவைப் பார்த்தாள். போஜெனா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடலாம். அந்த அறையில் இரண்டு மொழியும் அறிந்தவள் அவள் ஒருத்திதான். ராமுத்தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டக் கழட்டுனது நான்தான்னு சொல்றாரு" என்றாள். "அன்னிக்குச் சாயங்காலம், ஒம் புருசன் வீட்டுக்குப் போனதுக்கப்புறம். அடுத்த ஷிப்டு மேஸ்திரிகிட்ட சைகையில சொன்னாராம். அவரு தலையாட்டவும் புரிஞ்சிருச்சுன்னு இருந்துட்டாராம். மூடி மேல சாக்பீசால பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டு வச்சாராம். அவுக ஊருல அந்தக் குறி போட்டா ஆபத்து, தொடாதேன்னு அர்த்தமாம்."

சுவரோரம் நின்றிருந்த செல்லக்காள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மில்லில் எண்ணெய் விட்டுத் துடைத்துத் தயாராய் வைத்த மெஷினுக்கு மேஸ்திரிகள் போடுகிற குறி அது. எல்லாருக்கும் பழகிய குறி. ராமுத்தாய்க்கும் தெரியும். நல்லுசாமி அதைப் பற்றி வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். குறி போட்டிருந்தா எனக்கு வேலை மிச்சம் என்பான்.

"அந்தக் குறியப் பாத்துட்டுத்தான்..." என்றாள் ராமுத்தாய்.

"அந்தக் குறிக்கு இங்க என்ன அர்த்தம்னு இவரு யாருகிட்டயும் கேட்டதில்லையாம். அதுக்கப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டாராம். பூட்டு இல்லாதது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான், அவனுக்குத் தெரியாதுங்கிறாரு."

ராமுத்தாய் இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். "அப்ப அவரு கோவிச்சுக்கிட்டுப் போகல" என்றாள். "ஏம் மேல கோவிச்சுக்கிட்டு அதச் செய்யல." அவள் தரையில் சரிந்து, அத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். வாசலில் நின்றிருந்த மாமியார் உள்ளே வந்தாள். மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அவளும் ஓலமிட்டாள். நல்லுசாமி செத்த வீட்டில் துக்கம் அன்றைக்குத்தான் துக்கமாக வந்து சேர்ந்தது.

கொஞ்சம் அடங்கியதும் ராமுத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரோ சாரைப் பார்க்காமல், "இவரப் போகச் சொல்லுங்கக்கா" என்றாள்.

அவர் எழுந்தார். தெருவுக்கு வந்ததும், "என்னை வெறுக்கிறாளா?" என்று கேட்டார். போஜெனா அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

புறப்படும் முன் அவர் தன் மொழியில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். செபாஸ்தியம்மாள் அதை இங்கிலீஷில் டைப் அடித்துத் தன் கையெழுத்தையும் போட்டு மானேஜரிடம் கொடுத்தாள். அவர் வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். கேட்டருகே ஒட்டிய அறிவிப்பு அப்படியே இருந்தது. வடகிழக்கு மழையில் நனைந்து தானாகக் கிழிந்து போகிறவரைக்கும் இருந்தது.

வானெக் தம்பதியைக் கொடைரோட்டிலிருந்துதான் செபாஸ்தியம்மாள் ரயில் ஏற்றினாள். சூசைமுத்து அவர்களுக்கு ஒரு கூடை மலைவாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். வண்டி கிளம்பும்போது போஜெனா ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

மொழிபெயர்க்க இனி ஆள் வேண்டாம் என்று மில்லில் சொன்னார்கள். டைப் அடிப்பதற்கும் வேண்டாம் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. அதைவிட அவளை அறுத்தது வேறொன்று. வத்தலக்குண்டில் ஒரு பள்ளி வாத்தியாரோடு அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்து, திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கோயிலில் நாள் கேட்டிருந்தார்கள். வெள்ளைக்காரனோடு பட்டப்பகலில் தெருவில் சுற்றினாள், அதனால்தான் மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எவரோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, சூசைமுத்து கொடுத்த காப்பியைக் குடிக்காமல், பேச்சை முறித்துவிட்டுப் போனார்.

"போய்ச் சொல்லிட்டு வரட்டுமா தாயி, நடந்தது இதுதான்னு?" என்று அப்பா கேட்டார்.

"வேண்டாம்ப்பா. எந்த வார்த்தையில சொன்னாலும் அவுக நெனச்சதுதான் அவுகளுக்குக் கேக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் வரன் கொண்டுவரவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அறுபத்தைந்தில் சூசைமுத்து மார்வலியில் போனார். ரயில்வே குடியிருப்பைக் காலி செய்துகொண்டு திண்டுக்கல்லில் பக்ருன்னிசா என்கிற அம்மாளின் மாடி அறையில் வாடகைக்கு வந்தாள். போஜெனாவிடமிருந்து முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது. யாரோ சார் ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டார், மெஷின் பக்கம் போவதில்லை, ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறார் என்று எழுதியிருந்தாள். பிறகு கடிதம் நின்றுபோயிற்று.

அறுபத்தெட்டு ஆகஸ்டில் ஒருநாள் காலை பக்ருன்னிசா மாடிப்படி ஏறி வந்தாள். "செபாஸ்தி, ஒனக்குத் தெரிஞ்ச அந்த நாட்டப் பத்தி ரேடியோவுல சொல்றாங்க. ரஷ்யாக்காரன் டாங்கி கொண்டாந்து எறக்கிட்டானாம்." இருவரும் கீழே போய் ரேடியோவுக்கு முன்னால் நின்று கேட்டார்கள். அன்றைக்கு அவள் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகவில்லை. போஜெனாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நலமா என்பதற்கு அப்புறம் பேனா ஓடவில்லை. ஏழு ஆண்டுகளாக ஒரு மனுஷரோடும் பேசாத மொழி. பயமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தாள். பயம் என்ற சொல் வரவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து கற்ற உப்பும் கத்தியும் அடுப்பும்தான் வந்தன. தெரிந்த சொற்களை மட்டும் வைத்து அரைப் பக்கம் எழுதித் தபாலில் போட்டாள். பதில் வரவில்லை.

அந்த ஞாயிறு அவள் செம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். நல்லுசாமி இறந்த மறுவருஷமே மாமியாரும் மருமகளும் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரு துண்டு நிலத்தில் செவ்வந்தி போட்டிருந்தார்கள். ராமுத்தாய் இளைத்து, கறுத்து, தலையில் பாதி நரைத்திருந்தாள். முப்பதுகூட ஆகியிருக்காது. மகள் வரப்பில் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

செபாஸ்தியம்மாள் ரேடியோவில் கேட்டதைச் சொன்னாள். ராமுத்தாய் பூப் பறிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாளுக்குப் பிள்ள இல்லைல" என்றாள் கடைசியில். "அன்னிக்கு எம் மகளத் தொட்டில்ல ஆட்டிக்கிட்டே நின்னுச்சு. அந்தாள நெனச்சா இன்னும் வயிறு எரியுதுக்கா. பொய் சொல்லக் கூடாதுல்ல. ஆனா அவரு அன்னிக்கு வராமப் போயிருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன்."

"நான் அன்னிக்குச் சரியாக் கேட்டிருந்தா..." என்று தொடங்கினாள் செபாஸ்தியம்மாள்.

"விடுங்கக்கா. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக."

மாமியார் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மேற்கே மழை இறங்கியது. கடைசி பஸ் போய்விட்டது. அன்றிரவு அவள் அங்கேயே தங்கினாள். விடிந்ததும் ராமுத்தாயும் மகளும் கூடையோடு பூப் பறிக்கக் கிளம்பினார்கள். அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மண்ணில் இறங்கினாள். காம்பை எப்படிக் கிள்ளுவது என்று அந்தச் சின்னப்பெண் அவளுக்குக் காட்டிக் கொடுத்துக்கொண்டே முன்னால் போனாள்.